பூட்டான் டூர்: பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி முழங்காலைக் கவனிங்க

இன்னைக்கு எபிசோட் பூட்டானைப் பத்தி. ஆனா 'பூட்டான்ல பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' மாதிரி இல்ல. அது தேடினா நொடியில வந்துரும். நான் பேசப் போறது, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைகளைப் பத்தி.

நான் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போனேன். ஆறு ராத்திரி, கைடோட போற டூர். ரெண்டு மாசம் எக்செல் ஷீட் போட்டு பிளான் பண்ணினேன். ஹோட்டல், ஃபிளைட், ஸ்வெட்டர் எண்ணிக்கை வரைக்கும் அதுல இருந்துச்சு. ஆனா டூர் ஏற்பாடு பண்ணினவங்க அனுப்பின ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்துச்சு: 'கூட வர்றவங்களுக்கு உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா?' அம்மாவுக்கு 61 வயசு. மூணு வருஷமா வலது முழங்கால் வலி. நான் அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதினேன்.

ஏன் எழுதினேன்னா, உண்மையைச் சொன்னா 'அம்மா தக்‌ஷாங் ஏற வேண்டாம்'னு சொல்லிருவாங்களோன்னு பயம். தக்‌ஷாங்னா நீங்க எல்லாரும் போட்டோல பார்த்திருப்பீங்க. செங்குத்தான பாறையில ஒட்டி வச்ச மாதிரி வெள்ளைச் சுவரும் பொன்னிறக் கூரையுமா ஒரு மடம். புலிக்கூடுன்னு சொல்லுவாங்க. அம்மா பல வருஷமா அந்தப் படத்தைப் போன்ல வால்பேப்பரா வச்சிருந்தாங்க. அந்த ஒரு பொய்யால என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். இப்போ வரிசையா தயாரிப்பு விஷயங்களுக்குப் போயிடலாம்.

முதல்ல, ஏன் கைடு?

நம்ம ஆளுங்களுக்கு கைடுன்னாலே ஒரு அலர்ஜி உண்டு. 'கூகுள் மேப் இருக்கு, எதுக்குங்க கைடு?'ன்னு கேட்போம். பூட்டான்ல கதையே வேற. தலைநகர் திம்பு, விமான நிலையம் இருக்கிற பாரோ, இது ரெண்டையும் தாண்டி உள்ள போகணும்னா லைசென்ஸ் வாங்கின உள்ளூர் கைடு கட்டாயம்.

இதுக்குப் பின்னால ஒரு கொள்கை இருக்கு. பூட்டான் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்ததே 1974ல தான். அப்போ இருந்தே அவங்க முடிவு, கூட்டம் குறைவா வரட்டும், வர்றவங்க நிதானமா பார்க்கட்டும்ங்கிறது. மக்கள்தொகை பத்து லட்சத்தைக் கூடத் தொடாத நாடு அது. நம்ம மலை ஊர்கள் மே மாசம் எப்படித் திணறுதுன்னு பார்த்தவங்களுக்கு இந்த முடிவு சட்டுனு புரியும்.

அதனால அங்க போறவங்க ஒரு தினசரிக் கட்டணமும் கட்டணும். பேரு எஸ்டிஎஃப், நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்னு சொல்லலாம். இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய். 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்குப் பாதி. அதுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இல்ல. இந்தியர்களுக்கு இந்தக் கட்டணம் 2022 செப்டம்பர்ல இருந்து இப்படி இருக்கு. நீங்க போற நேரத்துக்கு என்ன கணக்குன்னு புக் பண்றப்போ ஒரு தடவை கேட்டுக்கோங்க.

எங்க கணக்கு: மூணு பேர், ஆறு ராத்திரி, 21,600 ரூபாய். ஹோட்டல், வண்டி, கைடு, சாப்பாடு எல்லாம் இதுக்கு மேல. சில பேக்கேஜ் விளம்பரத்துல இந்தக் கட்டணத்தைச் சேர்க்காம ஒரு விலை போட்டிருப்பாங்க. அதனால நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எஸ்டிஎஃப் இதுல அடக்கமா?' ரெண்டாவது கேள்வி: 'கோயில், கோட்டை நுழைவுச் சீட்டு அடக்கமா?' இந்த ரெண்டுக்கும் எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் போதும்.

ஆதார் செல்லாது

பூட்டானுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பர்மிட் போதும். ஆனா அந்தப் பர்மிட் வாங்க ரெண்டே ரெண்டு ஆவணம்தான் செல்லும். ஒண்ணு, குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியாகுற பாஸ்போர்ட். இல்லேன்னா வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் எதுவும் செல்லாது. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லேன்னா பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கணும், பெரியவங்க கூட வரணும்.

எங்க அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 'ஓட்டர் ஐடி இருக்குல்ல'ன்னு நானும் நிம்மதியா இருந்தேன். கிளம்புறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி 'அம்மா, அந்த அட்டையை எடுங்க'ன்னு கேட்டா, வீடு மாறினப்போ தொலைஞ்சு போச்சாம். அவங்க எல்லாத் தேர்தல்லயும் வேற ஏதோ அடையாள அட்டையைக் காட்டித்தான் ஓட்டுப் போட்டிருக்காங்க! அப்புறம் அவசர அவசரமா தத்கால்ல பாஸ்போர்ட் எடுத்தோம். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரோட அசல் ஆவணத்தையும் கண்ணால பாருங்க. பேரு, இனிஷியல், எழுத்து எல்லாம் டிக்கெட்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் இனிஷியல் தலைவலி உங்களுக்குத் தெரியாததா?

பர்மிட்டை டூர் நடத்துறவங்களே முன்கூட்டி ஆன்லைன்ல போட்டுக் கொடுத்துருவாங்க. அதோட பிரிண்ட் ரெண்டு எடுத்து, ஒண்ணைக் கைப்பையிலயும் ஒண்ணைப் பெட்டியிலயும் வைங்க.

எப்படிப் போறது?

சென்னையிலிருந்து நேரடி ஃபிளைட் கிடையாது. கொல்கத்தா இல்லேன்னா டெல்லி போய் மாறணும். பாக்டோக்ரா, குவஹாத்தியில இருந்தும் பாரோவுக்கு விமானம் உண்டு. ரயில்ல போறவங்க வட வங்காளம் வரைக்கும் போய், ஜெய்காவ் எல்லையில நுழைவாங்க. அந்தப் பக்கம் ஊர் பேரு புன்ட்ஷோலிங். நடுவுல ஒரு அலங்கார வாசல்தான். இந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் கூட்டமும். அந்தப் பக்கம் வாலைச் சுருட்டின மாதிரி அமைதி. அங்க இருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனா மலைப்பாதை, அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கோங்க. வண்டியில வாந்தி வர்றவங்க டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுத்துட்டுப் போங்க. முன் சீட்டையும் இப்பவே துண்டு போட்டு வச்சுக்கோங்க.

பாரோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்குல இருக்கு. விமானி கண்ணால பார்த்து, மலைகளுக்கு இடையில வளைஞ்சு வளைஞ்சுதான் இறக்கணும். அதனால பகல் வெளிச்சத்துல மட்டும்தான் விமானம். மேகம் இறங்கினாலோ காத்து அடிச்சாலோ தாமதம், சில நேரம் ரத்து. இதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது ஒண்ணு. திரும்பி வர்ற அன்னைக்கே கொல்கத்தாவுல இருந்து சென்னைக்கு டைட்டா கனெக்டிங் ஃபிளைட் போடாதீங்க. ஒரு ராத்திரி இடைவெளி விடுங்க. அந்த ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு, தவற விட்ட டிக்கெட்டை விடக் குறைவு. இன்னொண்ணு, பூட்டான் நேரம் நம்மளை விட அரை மணி நேரம் முன்னாடி. கையில கட்டுற வாட்ச்சை மாத்திக்கோங்க.

எப்போ போறது? மார்ச்ல இருந்து மே, செப்டம்பர் கடைசியில இருந்து நவம்பர். இதுதான் நல்ல காலம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை, பாதையில மண்சரிவு, காட்டுப்பாதையில அட்டை. திருவிழா பார்க்கணும்னா ஷேசுன்னு சொல்ற முகமூடி நடன விழாக்கள் இருக்கு. பாரோவுல வசந்த காலத்துல, திம்புல இலையுதிர் காலத்துல நடக்கும். சந்திர நாட்காட்டிப்படி நடக்குறதால தேதி வருஷா வருஷம் மாறும். விழா நேரத்துல ஹோட்டல் ரூம் கிடைக்கிறது கஷ்டம், அதனால மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணணும்.

காசு விஷயம்

பூட்டான் காசு பேரு நுல்ட்ரம். நம்ம ரூபாயோட மதிப்பும் அதோட மதிப்பும் ஒண்ணுதான். நம்ம ரூபாய் நோட்டைக் கடைகள்ல வாங்கிப்பாங்க. ஆனா அங்க மீதியாக் கிடைக்கிற நுல்ட்ரத்தை நம்ம ஊர்ல யாரும் வாங்க மாட்டாங்க, எல்லை ஊர்களைத் தவிர. அதனால கடைசி நாள்ல இருக்கிறதை அங்கேயே செலவு பண்ணிடுங்க.

யுபிஐ 2021லயே பூட்டானுக்குப் போயிருச்சு. ஆனா எல்லாக் கடையிலயும் ஸ்கேன் பண்ணலாம்னு நினைச்சுப் போகாதீங்க. கோயில் வாசல்ல, மலைப்பாதை டீக்கடையில, குதிரைக்காரர்கிட்ட, எல்லாம் ரொக்கம்தான். எங்க தங்கச்சி 'நான் கேஷே தொடுறதில்ல'ன்னு பெருமையா சொல்லிட்டு வந்தா. ரெண்டாவது நாள்ல இருந்து என் பர்ஸ்தான் அவளுக்கு ஏடிஎம். இதுல ஒரு வரம்பும் உண்டு. 100 ரூபாயும் அதுக்குக் கீழயும் இருக்கிற நோட்டு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துப் போகலாம். அதுக்கு மேல உள்ள நோட்டுகள், அதாவது 200, 500, ஒரு ஆளுக்கு மொத்தம் 25,000 ரூபாய் வரைக்கும்தான்.

பெட்டியில என்ன வைக்கிறது?

சென்னைக்காரங்க குளிர் ஊருக்குப் போறோம்னா உடனே ஒரு பெரிய ஜாக்கெட் வாங்குவோம். அது பாதிப் பெட்டியை அடைச்சுக்கும், மதியம் வெயில்ல தோள்ல தொங்கும். அதுக்குப் பதிலா அடுக்கு அடுக்கா போடுங்க. உள்ள ஒரு மெல்லிசான பனியன், மேல முழுக்கை சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர், கடைசியா காத்தும் தூறலும் தாங்குற ஒரு லேசான ஜாக்கெட். காலையில நாலும் போட்டுக்கலாம், மதியம் ரெண்டைக் கழட்டிரலாம். ஒரே நாள்ல உங்களுக்கு ரெண்டு பருவம் வரும். திம்புல இருந்து புனாக்கா போற வழியில டோச்சுலா கணவாய் சுமார் 3,100 மீட்டர். அங்க பல்லு கிடுகிடுங்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சு சுமார் 1,200 மீட்டர்ல இருக்கிற புனாக்காவுல இறங்கினா சட்டை மட்டும் போதும்.

அடுத்தது ஷூ. புது ஷூ வாங்கினா, கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்கி, தினமும் போட்டு நடங்க. புது ஷூவை மலையில திறப்பு விழா பண்ணாதீங்க. இன்னொரு விஷயம், கோயிலுக்குள்ள ஷூவைக் கழட்டணும். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. உள்ள தரை ஐஸ் மாதிரி இருக்கும். அதனால நல்ல கெட்டியான சாக்ஸ், ஓட்டை இல்லாததா. நான் ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னு கேட்காதீங்க.

வழக்கமா சாப்பிடுற மாத்திரைகளை மொத்த நாளுக்கும், கூட மூணு நாளுக்கும், டாக்டர் சீட்டோட கைப்பையில வைங்க. பிளாஸ்டிக் கவர் கட்டுக்கட்டா எடுத்துட்டுப் போகாதீங்க. அந்த நாடு 1999லயே பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணினது. துணிப்பை, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க.

சாப்பாட்டுக்கு அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டினாங்க. பாதிதான் செலவாச்சு. அங்க தேசிய உணவு எம தட்ஷி. எமன்னா மிளகாய், தட்ஷின்னா சீஸ். மிளகாயை அவங்க காரத்துக்குப் போடுற சாமானா நினைக்கிறதில்ல, அதுதான் காய்கறியே. உருளைக்கிழங்கு போட்டா கேவா தட்ஷி, காளான் போட்டா ஷமு தட்ஷி. சிவப்பு அரிசிச் சோத்தோட வரும். சைவம் சாப்பிடுறவங்களுக்குப் பிரச்சினையே இல்ல. வயிறு சரியில்லாதவங்க 'மிளகாய் குறைவா'ன்னு கைடுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அவங்க குறைச்சதும் நமக்குக் காரமாத்தான் இருக்கும்.

கோயில்ல எப்படி நடந்துக்கணும்?

இது சுற்றுலா இடம் மட்டும் இல்ல. ஒவ்வொரு இடமும் நடப்புல இருக்கிற வழிபாட்டு இடம். ஜோங்னு சொல்ற கோட்டைகளை எடுத்துக்கோங்க. பாதி அரசு அலுவலகம், பாதி மடம். புனாக்கா ஜோங் 1637-38ல கட்டினது. இரண்டு ஆறு கலக்குற இடத்துல நிக்குது. நாங்க போனப்போ ஒரு பக்கம் ஃபைலோட ஆபீசர்கள் நடக்குறாங்க, இன்னொரு பக்கம் சின்னப் பையன்கள், துறவிகள், சிவப்பு அங்கியோட ஓடுறாங்க.

அங்க உள்ளூர்க்காரங்களே ஜோங்குக்கு வரும்போது முறையான உடையிலதான் வருவாங்க. ஆண்கள் கோங்கிற அங்கி போட்டு, மேல கப்னேங்கிற துண்டைக் குறுக்க போர்த்திக்கணும். அப்போ நாம அரை டிராயர்ல போய் நின்னா எப்படி இருக்கும்? முழுக்கை, காலர் வச்ச சட்டை, முழுக்கால் பேன்ட். பெண்களுக்கும் தோள், கால் மூடுற உடை. உள்ள நுழையும்போது தொப்பி, கூலிங் கிளாஸ் கழட்டணும், குடையை மடக்கணும்.

ஸ்தூபியோ, பிரார்த்தனைச் சக்கரமோ, எதுவா இருந்தாலும் வலமாத்தான் சுத்தணும். இது நமக்குப் புதுசு இல்ல, பிரகாரம் சுத்துற பழக்கம்தான். சாமி சிலையையோ துறவியையோ ஒத்தை விரலால சுட்டாதீங்க. உள்ளங்கையை மேல காட்டி, முழுக் கையால காட்டுங்க. சன்னதிக்கு நேரா காலை நீட்டி உட்காராதீங்க. சுவர் ஓவியத்தைத் தொடாதீங்க. சன்னதிக்குள்ள போட்டோ கூடாது. டிரோன் அனுமதி இல்லாம பறக்க விடக் கூடாது.

டோச்சுலாவுல 108 ஸ்தூபிகள் இருக்கு. போட்டோவுக்கு ரொம்ப அழகான இடம். நானும் ரீல்ஸ் எடுக்கத்தான் இறங்கினேன். அப்போ எங்க கைடு சொன்னார், 2003 டிசம்பர்ல அஸ்ஸாம் ஆயுதக் குழுக்களைத் தங்க மண்ணில இருந்து வெளியேத்துறதுக்கு பூட்டான் ராணுவம் நடத்தின சண்டையில இறந்த வீரர்கள் நினைவாத்தான் அதைக் கட்டினாங்கன்னு. போனைப் பைக்குள்ள வச்சுட்டேன். 2019ல நம்ம நாட்டுல இருந்து போன ஒருத்தர் அதே இடத்துல ஒரு ஸ்தூபி மேல ஏறி நின்னு போட்டோ எடுத்து, போலீஸ் விசாரணை வரைக்கும் போச்சு. கைடு அதைச் சொல்லிக் குத்திக் காட்டல. ஆனா அவங்க எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கு.

ரெண்டு வார்த்தை கத்துக்கோங்க. 'குசுசாங்போ லா'ன்னா வணக்கம். 'கடிஞ்சே லா'ன்னா நன்றி. அந்த 'லா' மரியாதைக்கு, நம்ம 'ங்க' மாதிரி. எங்க அம்மாவுக்கு ஹிந்தி சுத்தமா வராது, இங்கிலீஷ் கொஞ்சம். ஆனா இந்த ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டு ஊர் முழுக்கப் பழகிட்டாங்க.

இப்போ முழங்கால்

திம்பு 2,300 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கு. கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். அதனால 'மலை ஊர்தானே, பார்த்துக்கலாம்'னு தோணும். தக்‌ஷாங் 3,120 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதை விட நானூறு மீட்டருக்கும் மேல. போக வர நாலுல இருந்து ஆறு மணி நேரம் நடை. கார் நிக்கிற இடத்துல இருந்து மண்பாதை ஏத்தம். பாதி வழியில ஒரு சிற்றுண்டிச் சாலை. அதுக்கு அப்புறம் இன்னும் ஏத்தம். மடம் எதிர்ல தெரியுற இடம் வந்ததும் 'வந்தாச்சு'ன்னு தோணும். வரல. அங்க இருந்து நூற்றுக்கணக்கான படிகள் கீழ இறங்கி, ஒரு அருவியைத் தாண்டி, மறுபடி மேல ஏறணும். திரும்பி வரும்போதும் அதே கதை.

நான் பண்ணின முதல் தப்பு, தக்‌ஷாங்கை ரெண்டாவது நாள்ல வச்சது. 'முதல்லயே முடிச்சுட்டா நிம்மதி'ன்னு கணக்கு. சென்னையில கடல் மட்டத்துல இருந்தவங்களை அடுத்த நாளே மூவாயிரம் மீட்டருக்கு ஏத்தினா உடம்பு என்ன பண்ணும்? தக்‌ஷாங்கைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் வைங்க. அதுக்குள்ள மூச்சும் காலும் பழகிரும். தலைவலி, குமட்டல், தலைசுத்தல் வந்தா அடக்கிக்கிட்டு ஏறாதீங்க, இறங்குங்க. இதயம், ஆஸ்துமா, பிரஷர் இருக்கிறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க.

ரெண்டாவது தப்பு இன்னும் பெருசு. ஏத்தத்துக்குக் குதிரை கிடைக்கும்னு தெரிஞ்சுது. அம்மாவைக் குதிரையில ஏத்திட்டா முழங்கால் பிரச்சினையே முடிஞ்சுதுன்னு நினைச்சேன். குதிரை சிற்றுண்டிச் சாலை பக்கம் வரைக்கும்தான் போகும். இறங்குறதுக்குக் குதிரை கிடையாது. சரிவுல ஆளை வச்சு இறக்குறது ஆபத்து. இதை நான் தெரிஞ்சுக்கிட்டது, அம்மா குதிரையில இருந்து இறங்கினதுக்கு அப்புறம்.

எங்க கைடு அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தார். முந்தின நாள் பாரோ ஜோங் படியில அவங்க கைப்பிடியைப் பிடிச்சுப் பக்கவாட்டா இறங்குனதைக் கவனிச்சிருக்கார். என்னைத் தனியா கூப்பிட்டு, "சார், அம்மாவுக்குக் கால்ல ஏதோ இருக்கு. ஃபார்ம்ல நீங்க ஒண்ணும் எழுதலையே?"ன்னு கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படல. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இன்னைக்கு அம்மாவுக்கு வேற பிளான் போட்டிருப்பேன். எதிர்ல இருந்து தக்‌ஷாங் நல்லாத் தெரியுற இடங்கள் கீழயே இருக்கு. இப்போ எப்படியும் அவங்க நடந்துதான் இறங்கணும்"னார்.

அம்மாவுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கடா, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்"னாங்க. தங்கச்சி கைடோட போனா. நான் அம்மாவோட உட்கார்ந்துட்டேன். அந்தச் சிற்றுண்டிச் சாலையில இருந்து மடம் எதிர்ல தெரியும். மேகம் வந்து மறைக்கும், விலகும். ரெண்டரை மணி நேரம் அம்மா அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. என்கிட்ட அதிகம் பேசல. ஒரே ஒரு தடவை, "எனக்கு வலி இருக்குன்னு சொல்றதுல உனக்கு என்னடா கஷ்டம்?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

தங்கச்சி வந்தா. மடத்து வாசல்லயே போன், பை எல்லாத்தையும் லாக்கர்ல வாங்கி வச்சுருவாங்க. உள்ள எடுத்த ஒரு போட்டோ கூட அவகிட்ட இல்ல. அதனால வாயால சொல்ல வேண்டியதாப் போச்சு. 8ஆம் நூற்றாண்டுல குரு பத்மசம்பவர் பெண் புலி மேல ஏறி வந்து தியானம் பண்ணினதாச் சொல்ற குகை, 1692ல அதைச் சுத்திக் கட்டின மடம், 1998ல தீப்பிடிச்சு எரிஞ்சு திரும்பக் கட்டினது, உள்ள வெண்ணெய் விளக்கு வாசனை, மரத்தரை காலுக்கடியில சில்லுனு இருந்தது எல்லாம். அம்மா ஒவ்வொண்ணா கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போட்டோ இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

அப்புறம் இறக்கம். முழங்கால் வலி உள்ளவங்களுக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் கொடுமை. ஒவ்வொரு அடியிலயும் மொத்த உடம்பு எடையும் முட்டியில இறங்கும். கைடு தன்னோட கைத்தடியைக் கொடுத்தார். அம்மாவுக்கு முன்னாடி ஒரு அடி கீழ அவர், பின்னாடி நான். மத்தவங்க ஒரு மணி நேரத்துல இறங்குற பாதைக்கு எங்களுக்கு ரெண்டரை மணி நேரம். கடைசி வளைவுல அம்மா கண்ணுல தண்ணி. வலியில வந்ததுதான். ராத்திரி முட்டி வீங்கி, அடுத்த ஒரு நாள் முழுக்க ஹோட்டல்ல படுத்திருந்தாங்க. நான் ரெண்டு மாசம் போட்ட எக்செல்ல அந்த நாளும் போச்சு.

அதனால உங்களுக்கு

போறதுக்கு ஆறு வாரம் முன்னாடி இருந்து தினமும் படி ஏறி இறங்குங்க. அபார்ட்மென்ட்ல லிஃப்டை விட்டுடுங்க. வாரக் கடைசியில பரங்கிமலை மாதிரி ஒரு இடத்துல ஏறி இறங்கிப் பாருங்க. இறங்கும்போது முட்டி என்ன சொல்லுதுன்னு கவனிங்க. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா, அவங்களோட சேர்ந்து நீங்களும் நடங்க. 'நல்லாத்தான் இருக்கேன்'னு அவங்க சொல்ற வார்த்தையை விட, படியில அவங்க நடக்குற விதம் உண்மை சொல்லும். கைத்தடி ரெண்டு எடுத்துக்கோங்க. மலையடிவாரத்துலயும் வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாம வாங்குங்க.

ஃபார்ம்ல உண்மையை எழுதுங்க. முட்டி வலி, சுகர், பிரஷர், தூக்கத்துக்குச் சாப்பிடுற மாத்திரை, எதுவா இருந்தாலும். கைடு நம்மளைத் தடுக்குற ஆள் இல்ல. நாள் முழுக்க நம்ம கூட நடக்கப் போற ஆள். அவருக்கு எது தெரியுமோ அதை வச்சுத்தான் அவர் நமக்கு வழி போட முடியும். நான் அவர்கிட்ட மறைச்சது ஒரு வார்த்தை. அதுக்கு விலை கொடுத்தது அம்மாவோட முட்டி.

இப்போ அம்மா பிசியோதெரபி போறாங்க. போன்ல வால்பேப்பர் மாறிடுச்சு. சிற்றுண்டிச் சாலையில இருந்து அவங்களே எடுத்த போட்டோ அது. பாதி மேகம், பாதி மடம். "அடுத்த தடவை கடைசி நாள்ல வைடா"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஃபார்மை இந்தத் தடவை அவங்களே நிரப்புவாங்களாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நீங்க எங்கயாவது கிளம்புற பிளான்ல இருந்தா, இன்னைக்கே வீட்டுல எல்லாரோட ஐடியையும் எடுத்து மேஜை மேல வைங்க. அப்படியே அம்மா அப்பாவைப் படியில நடக்கச் சொல்லி ஒரு தடவை பாருங்க.